வாரியத்தில் உட்கார ஆள் தேடுகிறார்கள்: நான் விண்ணப்பிக்கலாமா?

விக்டோரியா மாநிலம் பெண்டிகோவிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். கோவையில் பிசியோதெரபி படித்தவர், ஆஸ்திரேலியாவுக்கு வந்து 14 வருடம் ஆகிறது. பிசியோதெரபிஸ்டுகளைப் பதிவு செய்து, அவர்கள்மேல் வரும் புகார்களையும் பார்க்கும் பிசியோதெரபி வாரியத்துக்கு உறுப்பினர்கள் தேவை என்று வந்த அறிவிப்பைக் கூட வேலை பார்ப்பவர் அனுப்பி வைத்து, "நீ போடு" என்றாராம். இவருக்கு ஏகப்பட்ட சந்தேகம். இதற்குத் தேர்தல் உண்டா? சங்கத்தின் ஆதரவு வேண்டுமா? வெளிநாட்டில் படித்தவரை எடுப்பார்களா? எடுத்தால் அங்கே போய் என்ன செய்ய வேண்டும்? "எங்கள் தொழிலுக்கு ஏதாவது நல்லது செய்ய முடியுமா" என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் வழுக்கி விழும் இடம் அதுதான். நானும் விழுந்திருக்கிறேன்.

நான் குடும்ப மருத்துவர். ஒரு மாநில வாரியத்தில் இரண்டு தவணை, ஆறு வருடம் இருந்தேன். அதற்கு முன் ஒரு முறை விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவன். அந்த முதல் விண்ணப்பத்தில் என் சங்க வேலைகளை எல்லாம் அடுக்கியிருந்தேன்: எத்தனை கூட்டம் நடத்தினேன், டாக்டர்களின் குரலை எங்கெங்கே ஒலிக்கச் செய்தேன் என்று. நேர்காணலில் ஒரு அம்மா, மருத்துவர் அல்லாதவர், மெதுவாகக் கேட்டார்: "உங்கள் சங்கம் ஒன்று சொல்கிறது, நோயாளியின் பாதுகாப்புக்கு அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டியிருக்கிறது. என்ன செய்வீர்கள்?" நான் இரண்டு பக்கமும் பேசி ஒரு சமாதானம் சொன்னேன். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, வேலை போச்சு என்று.

நம் ஊரில் கவுன்சில் என்றால் தேர்தல்தான் நினைவுக்கு வரும். தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலின் வேர் 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. பதிவு பெற்ற டாக்டர்கள் ஓட்டுப் போட்டு உறுப்பினர்களை அனுப்புவது அங்கே பழகிய வழி. டில்லியில் இருந்த இந்திய மருத்துவக் கவுன்சிலிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் செல்வாக்கோடு இருந்தார்கள். 2010 ஏப்ரலில் அதன் தலைவரை லஞ்சப் புகாரில் சிபிஐ கைது செய்தது, அடுத்த மாதமே மத்திய அரசு கவுன்சிலைக் கலைத்தது. அப்புறம் பத்து வருட இழுபறி. 2019-ல் புதிய சட்டம், 2020 செப்டம்பர் 25 முதல் தேசிய மருத்துவ ஆணையம். அதன் தலைவரையும் முக்கிய உறுப்பினர்களையும் கேபினட் செயலர் தலைமையிலான தேடல் குழு பரிந்துரைக்கிறது. மாநிலக் கவுன்சில்களிலிருந்து வருபவர்களுக்கு அங்கே இடம் உண்டு, ஆனால் லகான் அவர்கள் கையில் இல்லை. இது நல்லதா என்று டாக்டர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால், தேர்தலும் நியமனமும் இரண்டுமே கெட்டுப்போகக்கூடியவைதான். கெடுகிற விதம்தான் வேறு. (பிசியோதெரபிக்கு அகில இந்திய அளவில் ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்று வந்ததே 2021-ல்தான். தங்கை கோவையில் படித்த காலத்தில் அது கிடையாது. அதனால் இந்த வாரிய விவகாரமே அவருக்குப் புதிதாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.)

தொழில்காரர்களே ஓட்டுப் போட்டுத் தொழில்காரர்களை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான வழக்கு உண்டு. வட கரோலினா மாநிலத்தின் பல் மருத்துவ வாரியத்தில் எட்டுப் பேர். ஆறு பேர் தொழிலில் இருக்கும் பல் டாக்டர்கள், அவர்களைத் தேர்ந்தெடுப்பவர்களும் பல் டாக்டர்களே. ஒருவர் பல் சுகாதாரப் பணியாளர், ஒருவர் பொதுமக்கள் சார்பில். அழகு நிலையங்களிலும் மால்களிலும் பல்லை வெண்மையாக்கும் கடைகள் டாக்டர்களைவிடக் குறைந்த காசுக்கு வேலை செய்யத் தொடங்கின. டாக்டர்கள் புகார் கொடுத்தார்கள். வாரியம் 2006-லிருந்து குறைந்தது 47 கடிதங்களை அனுப்பிக் கடைகளை நிறுத்தச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பில் ஒரு குறிப்பு வருகிறது: அந்தக் காலத்தில் வாரியத்தில் இருந்த பத்துப் பல் டாக்டர்களில் எட்டுப் பேர் தாங்களே பல் வெண்மையாக்கி நல்ல காசு பார்த்தவர்கள். 2015 பிப்ரவரியில் 6-க்கு 3 என்ற கணக்கில் வாரியம் தோற்றது. அரசின் முறையான மேற்பார்வை இல்லாமல், சந்தையில் கடை வைத்திருப்பவர்களே பெரும்பான்மையாக இருந்து எடுக்கும் முடிவுக்கு அரசு என்ற கவசம் கிடையாது என்றது நீதிமன்றம். நம் பாஷையில் சொன்னால், வேலியே பயிரை மேய்ந்தது.

ஆஸ்திரேலியாவில் அந்த வழி இல்லை. 2010 ஜூலை 1-லிருந்து நாடு முழுவதற்கும் ஒரே பதிவு முறை. மேற்கு ஆஸ்திரேலியா மட்டும் அந்த அக்டோபரில் சேர்ந்தது. இன்று 16 தொழில்கள், 15 தேசிய வாரியங்கள், செவிலியருக்கும் மருத்துவச்சிகளுக்கும் ஒரே வாரியம் என்பதால் அந்த ஒன்று குறைவு. அலுவலக வேலைகளை எல்லாம் ஆப்ரா என்று நாம் சொல்லும் அமைப்பு பார்க்கிறது. உறுப்பினர்களை நியமிப்பவர்கள் மத்திய, மாநில சுகாதார அமைச்சர்கள் கூடும் மன்றம். தேர்தல் கிடையாது, சங்கம் ஆள் அனுப்புவதும் கிடையாது. காலியிடத்தை விளம்பரம் செய்துதான் ஆளெடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஒரு தவணை அதிகபட்சம் மூன்று வருடம், மறுபடியும் நியமிக்கலாம்.

தொழில்காரர்கள் பாதிக்குக் குறையக் கூடாது, மூன்றில் இரண்டுக்கு மேலும் போகக் கூடாது. குறைந்தது இரண்டு பேராவது பொதுமக்கள் உறுப்பினர்கள். அவர்கள் அந்தத் தொழிலில் இன்று மட்டுமல்ல, என்றைக்குமே இருந்திருக்கக் கூடாது. ஓய்வு பெற்ற பிசியோதெரபிஸ்ட் பொதுமக்கள் நாற்காலியில் உட்கார முடியாது. தொழில்காரர்களில் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய ஐந்திலிருந்தும் தலா ஒருவராவது வேண்டும். டாஸ்மேனியா, கான்பெரா, வடக்குப் பிரதேசம் மூன்றுக்கும் சேர்த்து ஒருவர். ஒன்பது பேர் கொண்ட வாரியத்தில் தொழில்காரர் அதிகபட்சம் ஆறு. ஐந்தும் ஒன்றும் ஆறு, கணக்கு அப்படியே நிரம்பிவிடும். அதாவது விக்டோரியாவின் நாற்காலி காலியானால்தான் விக்டோரியாக்காரருக்கு வழி. அறிவிப்பில் எந்த மாநிலத்துக்கு ஆள் கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். அதைப் பார்க்காமல் இரவெல்லாம் விண்ணப்பம் எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது. வாரியத்தில் ஒருவராவது பெருநகருக்கு வெளியே வசிப்பவராக இருக்க வேண்டும். மெல்போர்னில் பத்துப் பேர் விண்ணப்பிக்கும் இடத்தில் பெண்டிகோவிலிருந்து ஒருவர் விண்ணப்பித்தால் அது கண்ணில் படும். அதற்காக உங்களை எடுத்தே தீருவார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே பிசியோதெரபிஸ்டை நம்பி இருக்கும் சிற்றூரில் அவர்மேலேயே புகார் வந்தால் நோயாளிகள் என்ன ஆவார்கள் என்பதை நகரத்துக்காரர் யோசித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். உங்களுக்கு அது அன்றாடம்.

வெளிநாட்டுப் படிப்பு தடையா? சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. அந்தத் தொழிலில் பதிவு பெற்றவராக இருந்தால் போதும். பலதரப்பட்ட பின்னணி கொண்டவர்கள் விண்ணப்பிக்க வேண்டும் என்று அறிவிப்பிலேயே போடுவார்கள். அது ஒப்புக்குப் போடுவதா என்று நீங்கள் கேட்கலாம். நம்மவர்கள் விண்ணப்பிப்பதே குறைவு என்பதுதான் நான் கண்டது. "நம்மை எங்கே எடுக்கப் போகிறார்கள்" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அதற்கு ஒரு பழைய காயமும் காரணம். 2005-ல் குயின்ஸ்லாந்தின் பண்டபெர்க் மருத்துவமனையில், இந்தியாவில் படித்த ஓர் அறுவை மருத்துவரின் சிகிச்சையில் நோயாளிகள் இறந்ததாக விவகாரம் வெடித்ததை இங்கே இருக்கும் எந்த இந்திய டாக்டரும் மறந்திருக்க மாட்டார். அதன்பின் கொஞ்ச காலம் நம் பெயரைப் பார்த்ததுமே நோயாளிகள் எங்கே படித்தீர்கள் என்று கேட்டார்கள்.

அந்தக் கதையை வாரியத்துக்குள் போக நினைப்பவர் வேறு காரணத்துக்காகத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த அறுவை மருத்துவர் ஜெயந்த் படேல். அவருக்கு 2000-ல் அமெரிக்காவின் ஓரிகன் வாரியம் சில அறுவை சிகிச்சைகளைச் செய்யத் தடை போட்டது. 2001-ல் நியூயார்க் உரிமத்தை அவர் ஒப்படைத்தார். 2003-ல் குயின்ஸ்லாந்து மருத்துவ வாரியம் அவரைப் பதிவு செய்தது. விண்ணப்பத்தில் அவர் உண்மையை மறைத்திருந்தார், சரி. ஆனால் ஓரிகனிலிருந்து வந்த சான்றிதழிலேயே, இவர்மேல் ஒரு உத்தரவு இருக்கிறது, இணைப்பைப் பார்க்கவும் என்று குறிப்பு இருந்தது. இணைப்பு இல்லை. எங்கே அந்தத் தாள் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, ஒரு செவிலியர் விடாமல் புகார் சொல்லி விஷயம் வெளியே வந்தபின், ஒரு பத்திரிகையாளர் இணையத்தில் பெயரைத் தட்டிப் பார்த்தார், எல்லாம் கிடைத்தது. (அவருக்கு எதிரான மரணம் விளைவித்த வழக்குத் தீர்ப்புகளை உயர் நீதிமன்றம் 2012-ல் ரத்து செய்தது, 2013-ல் மோசடிக் குற்றங்களை மட்டும் ஒப்புக்கொண்டார்.) நான் வாரியத்தில் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த உறுப்பினர் சொல்வார்: "இல்லாத தாளைப் படிக்கக் கற்றுக்கொள்." அவர் சொன்னது எதை என்று எனக்குப் புரியச் சில மாதம் ஆனது.

சரி, அங்கே என்ன வேலை? படிப்பது. மாதக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் கட்டு வந்து இறங்கும். பாதுகாப்பான தளத்தில், அச்செடுக்க முடியாதபடி. நானூறு, ஐந்நூறு பக்கம் சர்வ சாதாரணம். பதிவு விண்ணப்பங்கள், உடல்நிலை அறிக்கைகள், புகார்கள். புகாரை இங்கே நோட்டிஃபிகேஷன் என்பார்கள்.

எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு ஃபைலைச் சொல்கிறேன். ரகசியக் காப்பு சட்டப்படி கட்டாயம் என்பதால் பல ஃபைல்களைக் கலந்து மாற்றித்தான் சொல்கிறேன். ஒரு நோயாளியின் மகள் புகார்: அப்பாவின் தலைச்சுற்றலை டாக்டர் கண்டுகொள்ளவே இல்லை. டாக்டரின் குறிப்புகள் ஒழுங்காக, பிழையில்லாமல் இருந்தன. ஆறு விசிட். ஆறிலும் ரத்த அழுத்தம் 130/80. எனக்கு அங்கே நெருடியது. எந்த மனிதனுக்கும் ஆறு முறையும் ஒரே எண் வராது. பழைய குறிப்பை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார். கருவியைக் கையில் கட்டியிருப்பாரா என்பதே சந்தேகம். தொழிலில் இருப்பவனுக்குத்தான் இது கண்ணில் படும், அதற்காகத்தான் தொழில்காரர்களை வைத்திருக்கிறார்கள். நான் பெருமையோடு இதைச் சொல்லி முடித்தேன். பக்கத்தில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, பொதுமக்கள் உறுப்பினர். அவர் டாக்டரின் பதில் கடிதத்தை எடுத்தார். "மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். முழுக்கத் தன்னைப் பற்றி. அந்தப் பெரியவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி இல்லை." அந்தக் கடிதத்தை நான் இரண்டு முறை படித்திருந்தேன். எனக்கு அது தோன்றவே இல்லை, ஏனென்றால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

இப்படிப்பட்ட ஃபைலில் வாரியத்தின் கையில் இருப்பவை: ஒன்றும் செய்யாமல் முடிப்பது, எச்சரிப்பது, பதிவின்மேல் நிபந்தனை போடுவது, அவரே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியை ஏற்பது, விசாரணைக் குழுவுக்கோ தீர்ப்பாயத்துக்கோ அனுப்புவது. ஒருவரின் பதிவை அடியோடு ரத்து செய்வது வாரியத்தின் அதிகாரத்தில் இல்லை, அது தீர்ப்பாயத்தின் வேலை. ஆனால் நோயாளிகளுக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்தால் அவசர நடவடிக்கையாகப் பதிவை நிறுத்தி வைக்கலாம். அந்த அழைப்பு மாதக் கூட்டத்துக்காகக் காத்திருக்காது. ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு, சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்து, ஒருவர் நாளை காலை வேலைக்குப் போகலாமா கூடாதா என்று முடிவு செய்துவிட்டு, மறுபடி பாத்திரம் கழுவப் போனேன். மனைவி என்ன விஷயம் என்று கேட்டாள். சொல்ல முடியாது. ஆறு வருடமும் அப்படித்தான்.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன், தொழிலுக்கு நல்லது செய்வது. 2022-ல் செய்த சட்டத் திருத்தம் பொதுமக்களின் பாதுகாப்பையும், சேவை பாதுகாப்பானது என்று அவர்கள் நம்புவதையும் எல்லாவற்றுக்கும் மேலான கோட்பாடாக வைத்துவிட்டது. பிசியோதெரபிஸ்டுகளின் வருமானம், மரியாதை, உரிமை எல்லாம் சங்கத்தின் பாடு. இரண்டும் தேவைதான், ஆனால் ஒரே ஆள் இரண்டையும் சுமக்க முடியாது. சங்கத்தில் பொறுப்பில் இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், சில விவாதங்களில் எழுந்து வெளியே போக வேண்டியும் வரும். சங்கத்தில் உங்கள் மனம் இருக்கிறதென்றால் அங்கேயே இருங்கள், அது ஒன்றும் குறைவான இடம் இல்லை.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல். நம் கூட்டம் சின்னது. முருகன் கோயிலில் பார்ப்பவர், பிள்ளையின் தமிழ்ப் பள்ளியில் பார்ப்பவர், ஒரே கல்லூரியில் சீனியராக இருந்தவர், இவர்களில் யாராவது ஒருவரின் ஃபைல் என்றைக்காவது வரத்தான் போகிறது. அப்போது "இவரை எனக்குத் தெரியும்" என்று சொல்லி விலகிவிட வேண்டும், அது எளிது. கஷ்டம் என்னவென்றால், விலகியபின்னும் அவர் உங்களைக் கோயிலில் பார்ப்பார். நீங்கள்தான் ஏதோ செய்தீர்கள் என்று நினைப்பார். நீங்கள் அந்த அறையிலேயே இல்லை என்று சொல்லவும் உங்களுக்கு அனுமதி இல்லை. ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு எனக்கு அழைப்பு வராமல் போனது இப்படித்தான்.

நல்லவர்கள் விண்ணப்பிக்காததற்கு இதுவும் ஒரு காரணம், நேரம் இன்னொன்று. கூட்டத்துக்குக் கட்டணம் தருவார்கள். நான்கு மணி நேரத்துக்குக் குறைந்தால் பாதி. படிக்கும் நேரமும் அதற்குள்தான் அடக்கம். கிளினிக்கில் உட்கார்ந்தால் வருவதோடு ஒப்பிட்டால் நஷ்டம்தான், சொந்தக் கிளினிக் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் அதிகம். அதனால் மருத்துவமனை, பல்கலைக்கழகச் சம்பளத்தில் இருப்பவர்கள் வர முடிகிறது, தெருமுனைக் கிளினிக்காரர்கள் வருவதில்லை. புகார்கள் பெரும்பாலும் யார்மேல் வருகின்றனவோ அவர்களின் அன்றாடம் தெரிந்தவர் மேசையில் இல்லாமல் போகிறார். ஆளெடுப்பவர்கள் இதைச் சரிசெய்ய வேண்டும் என்று நான் விலகும்போது எழுதிக் கொடுத்தேன். வழக்கு வந்தால் என்ன செய்வது என்ற பயம் மட்டும் வேண்டாம். நல்லெண்ணத்தோடு செய்த வேலைக்கு உறுப்பினர்மேல் தனிப்பட்ட பொறுப்பு வராது என்று சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது.

விண்ணப்பம் எழுதும்போது நம் ஊர் பயோடேட்டா பழக்கத்தை விட்டுவிடுங்கள். நாற்பது கருத்தரங்கு, பன்னிரண்டு சான்றிதழ் யாருக்கும் வேண்டாம். கூடி எடுத்த முடிவு ஒன்று, அதில் நீங்கள் தனியாக மாறுபட்டு நின்றது, அப்புறம் என்ன ஆனது, இப்படி ஒரு சம்பவத்தை நேராக எழுதுங்கள். உங்கள் மருத்துவமனையில் தவறுகளை ஆராயும் குழுவில் இருந்திருக்கிறீர்களா, மாணவர்களை ஃபெயில் ஆக்கியிருக்கிறீர்களா? இரண்டாவதைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை. பிடித்த மாணவனை, நல்ல பையனை, இவன் இன்னும் தயாராகவில்லை என்று நிறுத்தியவருக்கு வாரிய வேலை பாதி தெரியும்.

தேர்வானால் குற்றப் பின்னணி, திவால், கம்பெனி இயக்குநராக இருக்கத் தடை ஏதும் உண்டா என்பதையெல்லாம் சரிபார்ப்பார்கள். கணவரோடு சேர்ந்து கம்பெனி நடத்துகிறீர்கள் என்றால் அதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். பிறகு அமைச்சர்கள் கையெழுத்துக்குப் போகும், மாதக்கணக்கில் ஆகும். பதில் வரவில்லையே என்று வாராவாரம் போன் பண்ணாதீர்கள்.

நேரடியாக வாரியத்துக்குப் போகத் தயக்கமாக இருந்தால் இன்னொரு வாசல் உண்டு. ஒழுங்கு, செயல்திறன் தொடர்பான புகார்களை விசாரிக்கும் குழுக்களுக்கு ஆட்களை ஒரு பட்டியலிலிருந்து எடுப்பார்கள். அந்தப் பட்டியலில் சேர்ந்தால் வருடத்தில் சில நாள்தான் வேலை, ஆனால் ஒரு புகாரை முதலிலிருந்து கடைசிவரை பார்க்கலாம். பிடிக்கிறதா இல்லையா என்று இரண்டு விசாரணையில் தெரிந்துவிடும். எங்கள் வாரியத்தில் இருந்த இரண்டு நல்ல உறுப்பினர்கள் அந்த வழியாக வந்தவர்கள். இன்னொருவர் ஒரே ஒரு விசாரணைக்குப் பிறகு, இது எனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவரையும் நான் மதிக்கிறேன்.

நியூ சவுத் வேல்ஸில் இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு எச்சரிக்கை: அங்கே புகார்களைத் தேசிய வாரியம் பார்ப்பதில்லை, மாநிலத்தின் தனிக் கவுன்சில்களும் புகார் ஆணையமும்தான். குயின்ஸ்லாந்தில் 2014 ஜூலையிலிருந்து புகார்கள் முதலில் சுகாதாரக் குறைதீர்ப்பாளரிடம் போகும். ஆளெடுப்பும் அதற்கேற்ப வேறு. விக்டோரியாவுக்கு மேலே சொன்னது பொருந்தும்.

பரிந்துரைக்கு யார் பெயரைக் கொடுப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். பெரிய பதவியில் இருப்பவர் வேண்டாம். உங்களோடு ஒரு விஷயத்தில் கடுமையாகச் சண்டை போட்டு, அதற்கப்புறமும் உங்களோடு டீ குடிக்கும் ஒருவர் இருப்பாரே, அவரைக் கேளுங்கள்.